தினம் 14 விநாடி முந்துகிற வாட்ச்

பெட்டியைப் பிரித்ததும் நான் செய்த முதல் வேலை வாட்சைக் காதருகே கொண்டுபோனதுதான். கட்டிப் பார்க்கவில்லை, படம்கூட எடுக்கவில்லை. சத்தமே இல்லை. சாவி கொடுக்காமல் எப்படி ஓடும்? ஓரத்தில் இருக்கிற சின்னக் குமிழை, அதாவது சாவியைப் பிடித்து மெதுவாக நாலைந்து சுற்று சுற்றினேன், விநாடி முள் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி கிளம்பியது, மறுபடியும் காதில் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தின் நிதானமான டிக் டிக் இல்லை இது. சின்னப் பூச்சி ஒன்று தகரத்தின் மேல் விடாமல் ஓடுகிற மாதிரி ஒரு அவசரச் சத்தம். விநாடிக்கு ஆறு அடி. எண்ண முயன்றேன், மூன்றாவது விநாடியிலேயே விட்டுவிட்டேன்.

"மணி பாக்க போன் இருக்கு, நல்லா ஓடுற வாட்ச் வேற ஒண்ணு இருக்கு, அப்புறம் இது எதுக்குங்க?" என்று வீட்டில் கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் கட்டிய பிறகு ஓரளவு இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சாதனம். 39 மில்லிமீட்டர் அகல எஃகு உடம்பு, கறுப்பு டயல், தேதி கிடையாது, பின்பக்கம் கண்ணாடி. உள்ளே ஓடுவது சீக்கோவின் என்எச்35 மெஷின். சொந்தமாக மெஷின் செய்யாத சிறிய நிறுவனங்கள் பலவும் இதைத்தான் வாங்கிப் போடுகின்றன. என் வாட்சைச் செய்ததும் அப்படி ஒரு சிறிய நிறுவனம்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை, கொஞ்ச நேரத்தில் திட்டப் போகிறேன்.

பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியவில்லை. (வாட்சைப் பார்த்து நேரம் தெரியாமல் போவது ஒரு வேடிக்கைதான்.) பாதி வட்ட வடிவத்தில் ஒரு கனமான தகடு, அதுதான் ரோட்டார், கை அசைய அசைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங் ஒரே திசையில்தான் முறுக வேண்டும் இல்லையா, அதற்கு சீக்கோ 1959-இல் கொண்டுவந்த ஏற்பாட்டுக்கு மேஜிக் லீவர் என்று பெயர். இரண்டு கைகள் உள்ள ஒரு சிறு நெம்புகோல், ரோட்டார் ஒரு பக்கம் போனால் ஒரு கை பல் சக்கரத்தை இழுக்கும், மறுபக்கம் வந்தால் இன்னொரு கை அதே சக்கரத்தை அதே திசையில் தள்ளும். அவ்வளவுதான். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அடிப்படையில் அதே யோசனைதான் என் மணிக்கட்டிலும் வேலை செய்கிறது.

என் பையன் பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு பேட்டரி எங்க?" என்றான். இல்லை என்றேன். நம்பவில்லை. அப்புறம் அங்கங்கே தெரிந்த சிவப்புக் கற்களைக் காட்டி, "இது நிஜ மாணிக்கமா?" என்று கேட்டான். நிஜம்தான், ஆனால் மண்ணில் தோண்டியது இல்லை, உலையில் செய்தது. வெர்னுயி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு இந்தக் கற்கள் மலிவாகிவிட்டன. என் வாட்சில் 24 கல். அழகுக்கு அல்ல, எஃகு அச்சு உலோகத்தின் மேலேயே உரசித் தேயாமல் இருக்க. 24 மாணிக்கம் என்றதும் அவன் முகத்தில் வந்த மரியாதையை, மலிவுக் கல் என்று சொல்லி நானே கெடுத்துக்கொண்டேன்.

சரி, நேரம் எப்படிக் காட்டுகிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு வாரமும் நான் செய்த உருப்படியான ஒரே வேலை அதை அளந்ததுதான்.

முதல் நாள் காலை 7 மணிக்கு சாவியை முழுக்க வெளியே இழுத்தேன். விநாடி முள் நின்றது. சரியாக 60-இல் நிற்கும்படி இழுக்க மூன்று தடவை தவறவிட்டு நான்காவதில் பிடித்தேன். நிமிட முள்ளைக் கோட்டின் மேல் வைத்து, இணையத்தில் ஓடுகிற நேரம் முழு நிமிடத்தைத் தொட்ட நொடியில் சாவியை உள்ளே அழுத்தினேன். மறுநாள் காலை அதே 7 மணிக்குப் பார்த்தால் 14 விநாடி முந்தியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு 13. மூன்றாம் நாள் 15.

பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் வாட்ச் கட்டிப் பழகியவனுக்கு இது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. குவார்ட்ஸ் வாட்சுக்குள் இருக்கும் படிகத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. என் பழைய வாட்ச் ஒரு மாதம் முழுக்கச் செய்கிற தவறை இது ஒரே நாளில் செய்துவிட்டு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மெஷினுக்குத் தயாரிப்பாளர் தருகிற வாக்கே நாளைக்கு 20 விநாடி பிந்துவதிலிருந்து 40 விநாடி முந்துவது வரை என்பதுதான், அந்தக் கணக்கில் 14 நல்ல மார்க். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அப்போதுதான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். விநாடிக்கு ஆறு அடி என்றால் ஒரு நாளைக்கு 5,18,400 அடி. 14 விநாடி முந்துவது என்றால் 84 அடி கூடுதல். ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரம் அடி அடித்து அதில் 84 தான் தப்பு! பேட்டரி இல்லை, சிப் இல்லை, ஒரு சுருட்டிய எஃகுப் பட்டை, நாலு பல் சக்கரம், முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு சின்ன வளையம், அதை ஆட்டுவிக்கிற முடி போன்ற ஒரு ஸ்பிரிங். இதற்கு மேல் இதனிடம் என்னதான் எதிர்பார்ப்பது? எரிச்சல் போய்விட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. அந்த 84 எங்கிருந்து வருகிறது?

பகலையும் இரவையும் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். காலையில் கட்டும்போது ஒரு குறிப்பு, இரவு கழற்றும்போது ஒரு குறிப்பு. பகலில் 16 மணி நேரம் கையில் இருக்கும்போது 6 விநாடி முந்துகிறது. இரவில் 8 மணி நேரம் மேசையில் சும்மா கிடக்கும்போது 8 விநாடி! பாதி நேரத்தில் அதிகத் தவறு. நான் தூங்குகிற நேரத்தில் அது ஓடிப் போகிறது.

காரணம், நான் அதை வைத்த விதம். இரவில் டயல் மேலே பார்க்கும்படி மல்லாக்க வைத்திருந்தேன். அப்படி இருக்கும்போது பேலன்ஸ் வீலின், அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற அந்த வளையத்தின் அச்சு ஊசி முனையில் நிற்கிற பம்பரம் மாதிரி, முனை மட்டும் கல்லைத் தொடுகிறது, உரசல் குறைவு, வீச்சு பெரிதாக இருக்கிறது. செங்குத்தாக நிறுத்தினால் அச்சின் பக்கவாட்டு கல்லில் உரசுகிறது, வீச்சு குறைகிறது, புவியீர்ப்பும் சக்கரத்தின் எடை சமமில்லாத பக்கத்தை இழுத்துப் பார்க்கிறது, வேகம் மாறுகிறது. எந்த நிலையில் முந்தும், எதில் பிந்தும் என்பது வாட்சுக்கு வாட்ச் மாறும். என்னுடையதை சாவி கீழே இருக்கும்படி புத்தகத்தில் சாய்த்து நிறுத்தி வைத்தேன். காலையில் பார்த்தால் இரவு முழுவதும் சேர்ந்து 1 விநாடி பிந்தியிருந்தது. பகலில் 6 முந்துகிறது, இரவில் 1 விட்டுக்கொடுக்கிறது, மொத்தம் 5. எந்த மெக்கானிக்கிடமும் போகாமல், ஒரு திருகைக்கூடத் தொடாமல், படுக்க வைக்கிற விதத்தை மாற்றியதில் தினம் 9 விநாடி மிச்சம்.

சுவிட்சர்லாந்தில் கோஸ்க் என்ற அமைப்பு மெஷின்களைச் சோதித்து, துல்லியமாக ஓடுபவற்றுக்கு க்ரோனோமீட்டர் என்று சான்று கொடுக்கிறது. 15 நாள், ஐந்து நிலைகள், 8, 23, 38 டிகிரி என்று மூன்று வெப்பநிலை, இதற்குப் பிறகு சராசரி நாள் தவறு 4 விநாடி பிந்துவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் நடுவில் இருக்க வேண்டும். ஐந்து நிலைகளில் எதற்குச் சோதிக்கிறார்கள் என்று முன்பு படித்தபோது சடங்கு மாதிரித்தான் பட்டது. இப்போது புத்தகத்தில் சாய்த்து வைத்த என் வாட்ச் அந்த ஐந்தில் ஒரு நிலையை எனக்குக் காட்டிவிட்டது. அதற்காக என்னுடையது க்ரோனோமீட்டர் ஆகிவிடாது, ஒரே நிலையில் நல்ல பிள்ளையாக இருப்பது யாருக்கும் எளிது.

இந்தப் பெருமையில் இருந்தபோதுதான் ஒன்பதாம் நாள் வந்தது. காலையில் வழக்கம்போலக் குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், வாட்ச் 3 நிமிடம் 20 விநாடி முந்தி நிற்கிறது. விநாடி இல்லை, நிமிடம். உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். கீழே போட்டேனா? இல்லை. தண்ணீர்? இல்லை. நேற்று இரவு எங்கே வைத்தேன் என்று யோசித்தால், வழக்கமான புத்தகம் கிடைக்காமல் டேப்லெட்டில் சாய்த்து வைத்தது ஞாபகம் வந்தது. டேப்லெட் அல்ல பிரச்சினை, அதன் உறை. உறையின் ஓரம் முழுக்கக் காந்தம்.

ஹேர் ஸ்பிரிங் என்பது பெயருக்கேற்ற மாதிரி தலைமுடி கனத்தில் இருக்கிற சுருள். அது காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் வேலை செய்கிற நீளம் குறைகிறது, குறைந்தால் வளையம் சீக்கிரம் சீக்கிரமாக ஆடுகிறது, வாட்ச் தலைதெறிக்க ஓடுகிறது. பையனின் பென்சில் டப்பாவில் கிடந்த சின்னத் திசைகாட்டியை எடுத்து வாட்சின் பக்கத்தில் கொண்டுபோனேன். வடக்கு பார்த்துக்கொண்டிருந்த முள் சட்டென்று வாட்சின் பக்கம் திரும்பியது. குற்றவாளி பிடிபட்ட மாதிரி ஒரு திருப்தி, கூடவே வயிற்றில் கொஞ்சம் கலக்கம்.

நண்பர் ஒருவரிடம் காந்தம் நீக்குகிற கருவி இருந்தது, உள்ளங்கை அளவு டப்பா, உள்ளே கம்பிச் சுருள். வாட்சை அதன் மேல் வைத்து, பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மெல்ல மேலே தூக்கி, ஒரு கை நீளம் தள்ளிப் போன பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் மறுபடியும் காந்தமேறிவிடும். "அவசரப்படாதீங்க சார், அவ்வளவுதான் விஷயம்" என்றார். இரண்டு தடவை செய்தோம். திசைகாட்டி முள் சமாதானமானது, மறுநாள் காலை 6 விநாடி. சில விலையுயர்ந்த வாட்சுகளில் இப்போது சிலிக்கானில் ஹேர் ஸ்பிரிங் செய்கிறார்கள், காந்தம் அதைத் தொடவே தொடாது. நம்முடையது உலோகம்தான். டேப்லெட் உறை, ஒலிபெருக்கி, காந்தக் கொக்கி வைத்த கைப்பை, இவை இருக்கிற பக்கம் நான் இப்போது போவதில்லை.

இனி திட்டு.

இந்த வாட்சில் தேதி கிடையாது என்று சொன்னேன் அல்லவா, டயலில் சன்னல் இல்லை, சுத்தமாக இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் சாவியை இழுக்கும்போது முதல் படியில் ஒரு 'க்ளிக்' கேட்கிறது, இன்னும் இழுத்தால்தான் இரண்டாவது படியில் முள் நகர்கிறது. முதல் படி எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. திருகிப் பார்த்தால் உள்ளே ஏதோ நகர்வது விரலுக்குத் தெரிகிறது, வெளியே ஒன்றும் மாறவில்லை. என்எச்35 தேதி காட்டுகிற மெஷின். இவர்கள் அதை அப்படியே போட்டு, சன்னல் இல்லாத டயலால் மூடிவிட்டார்கள். டயலுக்கு அடியில் இருட்டில் ஒரு தேதிச் சக்கரம் தினமும் நள்ளிரவில் யாருக்கும் காட்டாமல் ஒரு எண் மாற்றிக்கொண்டிருக்கிறது. இதே குடும்பத்தில் தேதியே இல்லாத என்எச்38 என்று ஒரு மெஷின் இருக்கிறது. அதைப் போட்டிருக்கலாம். வாங்குகிறவன் இதையெல்லாம் கவனிக்க மாட்டான் என்ற நினைப்புதான். ஓட்டத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை, ஆனால் சாவியை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வெற்று 'க்ளிக்' என்னைக் கேலி செய்கிறது.

சாவியும் சின்னது. விரல் நகத்தை உள்ளே விட்டு நெம்பித்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. தடிமன் 12.6 மில்லிமீட்டர், சட்டைக் கையின் பொத்தானைப் போட்டால் உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. மெஷின் மட்டுமே 5.32 மில்லிமீட்டர், அதற்கு மேல் டயல், முட்கள், கண்ணாடி, அடியில் பின்மூடி என்று அடுக்கினால் ஒல்லியாக வருவது கஷ்டம்தான். கண்ணாடி சஃபையர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கதவு நிலையில் ஒரு தடவை நன்றாகவே உரசிவிட்டேன், எஃகு ஓரத்தில் கோடு விழுந்தது, கண்ணாடியில் ஒன்றுமில்லை. பின்னால் 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது, அதை நம்பி நான் எந்தக் குளத்திலும் குதிக்கப் போவதில்லை. கை கழுவவும் மழைக்கும் அது போதும்.

இருட்டில் மின்னுகிற பூச்சு சுமார். நாம் எல்லோரும் அதை 'ரேடியம்' என்றுதான் சொல்கிறோம், வாட்ச் பிரித்துப் பார்த்த முதல் மாலை நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு காலத்தில் நிஜமாகவே ரேடியம்தான் பூசினார்கள். 1910, 20-களில் அமெரிக்காவில் டயலில் எண் எழுதிய பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கி எழுதி, எலும்பு அரித்து நோயில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். இப்போது பூசுவது ஸ்ட்ரான்சியம் அலுமினேட் வகை, கதிரியக்கம் கிடையாது, ஆனால் தானாக ஒளிராது, வெளிச்சத்தைக் குடித்துவிட்டுத்தான் மின்னும். என்னுடையது குறைவாகக் குடிக்கிறது போலிருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பளபளவென்று இருப்பது, ஒரு மணிக்கு விழித்துப் பார்த்தால் முள் எங்கே என்று தேட வைக்கிறது. பேரை மட்டும் இன்னும் மாற்றிக்கொள்ள முடியவில்லை, வாயில் ரேடியம்தான் வருகிறது.

சாவி கொடுப்பதைப் பற்றி ஒன்று. தானாகச் சாவி ஏறும் வாட்ச் என்பதால் நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும் என்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு வேண்டுமென்றே தொடாமல் விட்டேன். ஞாயிறு பகல் ஒரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது, நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால் 3:40 காட்டி நின்றிருந்தது. கிட்டத்தட்ட 42 மணி 40 நிமிடம், சொன்னதைவிட அதிகம். ஆனால் அந்த வாரம் நான் நிறைய நடந்திருந்தேன். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்த மற்றொரு வாரத்தில் ஒரு நாள் கழற்றி வைத்தது மறுநாளே மாலைக்குள் நின்றுவிட்டது. விரல் மட்டும் அசைந்தால் ரோட்டார் அசையாதே. நான் எவ்வளவு சோம்பேறி என்பதை ஒரு ஸ்பிரிங் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது காலையில் கட்டுவதற்கு முன் கையாலேயே ஒரு இருபது சுற்று கொடுத்துவிடுகிறேன். அதிகமாகக் கொடுத்து ஸ்பிரிங் அறுந்துவிடுமோ என்ற பயம் இதில் வேண்டாம், நிறைந்த பிறகு ஸ்பிரிங்கின் வெளி நுனி கூட்டின் சுவரில் வழுக்கிக்கொடுக்கும்.

பையன் இப்போது அந்த இருட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டான். "இன்னைக்கு உள்ள என்ன தேதிப்பா?" என்று தினம் கேட்கிறான். முதல் எண் தெரியாத கணக்கு, நடுவில் நானே முதல் படியில் எத்தனையோ தடவை திருகிவிட்டிருக்கிறேன், வாட்ச் வேறு இரண்டு தடவை நின்று போயிருக்கிறது. அவன் 17 என்கிறான், நான் 4 என்று சொல்லியிருக்கிறேன். டயலைக் கழற்றிப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறான். திருகுளியை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டேன்.